ஒன்பது அங்குல ஆபிரிக்கா

கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் காய்ச்சும்போது ஒரு வாசம் எழும். சாப்பாட்டு வாசம் போலத் தொடங்கும், வயிற்றைக் கிள்ளிவிடும், பிறகு சட்டென்று துணிக்கஞ்சி வாசமாகி ஏமாற்றிவிடும். போன வாரம் கண்டிச் சந்தைக்குப் பின்னால் மழைக்கு ஒதுங்கினேன். தேர்தல் சுவரொட்டி ஒட்டும் ஆட்கள் இரண்டு பேர் பழைய பெயின்ட் வாளியில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மழை விட்டது. நான் நகரவில்லை. அந்த வாசத்துக்குள்ளிருந்து, தோளில் சுருட்டிய காகிதத்தோடு, ஆபிரிக்கா வந்துவிட்டான்.

அடித்துச் சொல்கிறேன். இந்த மலைநாட்டில் இதுவரை பிறந்தவர்களிலே, ஒரு முழுக் கண்டத்தைக் கரப்பான் பூச்சிகளிடமிருந்து காப்பாற்றப் போராடிய ஒரே மனிதன் அவன்தான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் அவனுக்கு இருந்தது. அதை விடுதிப் பதிவேடும் பரீட்சை மண்டபமும் மட்டுமே பாவித்தன. சமையற்காரர் முதல் பீடாதிபதியின் சாரதி வரை மற்ற எல்லோருக்கும் அவன் ஆபிரிக்கா. நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்துச் சிரித்த புதுப் பிள்ளைகளும் உண்டு. அவன் கோபப்பட மாட்டான். சிரித்து முடியும்வரை பொறுத்திருந்து, "சரி, அந்தக் கண்டத்துல எத்தன நாடு இருக்கு, சொல்லுங்க பாப்போம்" என்பான். விழிப்பார்கள். "எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு. தெரியாத ஒன்ன வச்சுச் சிரிக்கிறோம் பாருங்க, அதுதான் வெவகாரம்" என்று சொல்லிவிட்டுத் தன் தேநீர்க் கோப்பையோடு போய்விடுவான். சிரித்தவனுக்கு அன்றைக்குப் பாண் தொண்டையில் இறங்காது.

பன்விலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றிலிருந்து வந்தவன். நான் கண்டி டவுன் பிள்ளை, அப்பா மாநகர சபையில் கிளார்க். மகாவலியோரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழில் வரலாறு படித்த ஒன்பது பேரில் நாங்கள் இரண்டு பேர், விடுதியில் ஒரே அறை. வடக்கிலும் கிழக்கிலும் சண்டை நடந்த வருடங்கள் அவை. பல்கலைக்கழகம் மூடும், திறக்கும், திறந்த சத்தம் அடங்குவதற்குள் மறுபடி மூடும். மலையிலிருந்து மூட்டம் இறங்கி வந்து எங்கள் யன்னலால் எட்டிப் பார்க்கும். உள்ளே இருப்பவர்கள் தன்னைவிட மங்கலாக இருப்பதைக் கண்டு திரும்பிப் போய்விடும்.

அவனுடைய கிறுக்கு ஒரு கேள்வியில் தொடங்கியது. விரிவுரை முடியும் நேரம் பார்த்துக் கை உயரும். "சேர், அப்ப ஆபிரிக்காவுல என்ன நடந்துச்சு?" பிரான்சில் மன்னன் தலை விழுந்தாலும், இங்கிலாந்தில் நீராவி எந்திரம் ஓடத் தொடங்கினாலும், கண்டி ராஜ்ஜியமே கைமாறினாலும், இவனுக்கு அந்த நேரத்தில் ஆபிரிக்காவில் என்ன நடந்தது என்று தெரிந்தாக வேண்டும். விரிவுரையாளர்கள் மணியைப் பார்ப்பார்கள். பின் வாங்குகளில் இருந்து பெருமூச்சு வரும். சாப்பாட்டு வரிசை நீண்டுகொண்டே போகும்.

கிடைத்த பதிலைத் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதுவான். அந்தக் கொப்பியை நான் திருட்டுத்தனமாகப் புரட்டியிருக்கிறேன். ஒரு பக்கத்தில், "இரும்." அடுத்த பக்கத்தில், "அது சிலபஸில் இல்லை." அதற்கடுத்து, "மணி அடித்துவிட்டது." இன்னொன்றில், "பிறகு பார்ப்பம்." ஒரு திகதிக்கு எதிரே மட்டும், "பதில் இல்லை. யன்னலைச் சாத்தினார்" என்றிருந்தது.

"எதுக்குடா இந்தக் குப்பையெல்லாம் எழுதி வைக்கிற?" என்று கேட்டேன்.

"இது குப்ப இல்ல மச்சான். இது என் ஆய்வுக் கட்டுரையோட ரெண்டாம் அத்தியாயம்."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இறுதி வருடத்தில் எல்லோரும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். மற்றவர்கள் கோயில்களையும் குளங்களையும் பிடித்துக்கொண்டார்கள். இவன் பிடித்தது, எங்கள் பல்கலைக்கழகத்துப் பாடத்திட்டத்தில் ஆபிரிக்க வரலாற்றுக்கு உள்ள இடம்.

வழிகாட்டியாக வாய்த்தவர் குடைச் சேர். யாழ்ப்பாணத்தவர், பயந்த மனிதர். வெயிலோ மழையோ, மண்டபத்துக்கு உள்ளேயோ வெளியேயோ, கறுப்புக் குடையைக் கையில் பிடித்திருப்பார். அந்தச் சந்திப்பில் நானும் என் தலைப்போடு அறையின் மூலையில் காத்திருந்தேன்.

"என்ன தம்பி, இடமோ? அதுக்குத்தான் இஞ்சை இடமே இல்லையே."

"அதத்தான் சேர் எழுதப்போறேன்."

"இல்லாத ஒண்டைப் பற்றி எப்பிடி நூறு பக்கம் எழுதுவீர்?"

"இருக்கிறதப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்களே சேர்."

குடைச் சேர் என்னைப் பார்த்தார், உதவி கேட்பதுபோல. நான் குடையைப் பார்த்தேன். "சரி, எழுதும். ஆனா ஆரையும் போய்க் கரைச்சல்படுத்தக் கூடாது, விளங்குதோ?" என்றார். "விளங்குது சேர்" என்றான். அன்று பின்னேரமே நூலகத்தைக் கரைச்சல்படுத்தப் போனான்.

கையில் ஓர் அடிமட்டம். அலுமாரிகளில் எந்தக் கண்டம் எத்தனை அங்குலம் என்று அளக்கத் தொடங்கினான். ஆபிரிக்கா ஒன்பது அங்குலம் வந்தது. அதிலும் இரண்டு அங்குலம், வெள்ளைக்காரர் சிங்கம் சுட்ட கதை. ஐரோப்பாவுக்கு அடிமட்டம் போதவில்லை, மறுநாள் தேங்காய்க் கயிறு கொண்டுபோனான். கயிற்றின் ஒரு நுனி என் கையில். நான் கிரேக்கத்தில் நிற்க, அவன் கயிற்றை விட்டுக்கொண்டே போய், மூன்று அலுமாரிகள் திரும்பி, உலக யுத்தத்துக்குப் பின்னால் மறைந்துபோனான். அந்தப் பக்கமாக வந்த சிங்கள நூலக உதவியாளர் கயிற்றில் கால் தடுக்கி நின்று, தனக்குத் தெரிந்த தமிழில், "மாத்தயா, புத்தகம் வாசிக்கிறதுக்கு. அளக்கிறதுக்கு இல்ல" என்றார். "வாசிக்கத்தான் வந்தோம் ஐயா, ஒம்போது அங்குலத்துல முடிஞ்சிருச்சு" என்று அலுமாரிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

ஏன் ஆபிரிக்கா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வான். விடுதிக் காப்பாளருக்கு, கனவில் வந்தது. மாணவிகளுக்கு, ஜாதகத்தில் இருந்தது. உண்மைக் காரணத்தை நான் ஒரு தீபாவளிக்கு அவன் வீட்டுக்குப் போனபோதுதான் கண்டேன். லயத்து முன்வாசலில் மழைத் தண்ணீர் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வடையும் பிளேன்டீயும் வைத்துவிட்டு, கொழுந்தெடுத்துக் கறுத்துப்போன விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி நீங்க டவுன்ல இருக்கவுங்க. ஒன்னு கேக்கட்டுமா? இந்தக் கென்யாங்கிறவரு எந்தத் தோட்டத்துத் தொர?"

எனக்குப் புரியவில்லை.

"சம்பளம் கூட்டிக் கேட்டா அவரு பேரத்தான் சொல்றாங்க. கென்யாவுல நல்ல மழயாம், அதனால இங்க சம்பளம் ஏறாதாம். கென்யாவுல மழ இல்லயாம், அதனால இன்னும் கொழுந்து எடுக்கணுமாம். நானும் வயசுக்கு வந்த நாள்லருந்து கேக்குறேன். அவரு ஒரு நாளு கூட நம்ம பக்கம் வந்ததில்ல."

நான் சிரிக்கப் போனேன். அவன் சிரிக்கவில்லை. குனிந்து வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பஸ்ஸுக்கு இறங்கி வரும்போது தேயிலைச் செடிகளைப் பார்த்தபடியே சொன்னான்: "அம்மாவுக்குச் சொல்லிக் குடுக்க எனக்கே ஒன்னும் தெரியாதுடா. அங்கயும் ஒரு அம்மா கொழுந்து எடுக்கும். அதுகிட்ட நம்ம பேரச் சொல்லி ஏமாத்துவாங்களோ என்னவோ. மூணு வருசமா வரலாறு படிக்கிறேன். இத எவனும் சொல்ல மாட்டேங்கிறான்."

அடுத்த மாதம் அவன் ஓர் அதிசயத்தைக் கண்டுபிடித்தான். எங்கள் பீடக் கைநூலின் கடைசிப் பக்கங்களில், பிழைதிருத்தத்துக்குச் சற்று முன்னால், "ஆபிரிக்க வரலாறு, விருப்பப் பாடம்" என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பாடத்தை வகுத்தவர் எப்போதோ வெளிநாடு போய்த் திரும்பவில்லை. ஒருநாளும் படிப்பிக்கப்படாத அந்தப் பாடத்தை, பழைய கைநூலைப் பார்த்துப் புதியதை அச்சடிப்பவர்கள் வருடந்தவறாமல் உயிரோடு வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு அது ஒரு வரி. இவனுக்கு அது கதவு.

கந்தோரில் விசாரித்தான். விதி இதுதான்: ஐந்து மாணவர்கள் எழுத்தில் கேட்டால் பாடத்தைத் தொடங்க வேண்டும். ஆறாம் வாரம் வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிவரை ஐந்து பேரும் விலகாமல் இருந்தால் பாடம் நிலைக்கும். இன்னொன்றும் சொன்னார்கள். செத்த பாடங்களையெல்லாம் கைநூலிலிருந்து வெட்டப்போகிறார்கள். இந்த வருடமும் ஐந்து பேர் சேராவிட்டால் ஆபிரிக்கா போய்விடும். ஒரேயடியாக.

குடைச் சேரிடம் ஓடினான். அவர் ஐந்து பேர் சேரவே மாட்டார்கள் என்ற தைரியத்தில், "கொண்டு வாரும், நான் படிப்பிக்கிறன்" என்றார். அவர் வாழ்க்கையில் காட்டிய முதல் தைரியம். அதுவும் தப்புக் கணக்கு.

ஏனென்றால் இவன் ஐந்து பேரைப் பிடித்துவிட்டான். முதலாவது அவன். இரண்டாவது, மடவளையிலிருந்து வந்த ஒரு சகபாடி. அவனையும் நாங்கள் மடவளை என்றே கூப்பிடுவோம். விரிவுரைகளை வெட்டுவதில் மேதை. பரீட்சைக்கு முன் படித்தவன் படிக்காதவனுக்குச் சொல்லிக்கொடுப்பதை நாங்கள் குப்பி என்போம். வருடம் முழுக்க இலவசக் குப்பி என்ற வாக்குறுதியில் மடவளை விழுந்தான். "எங்கட வாப்பாட கடையில யாவாரம் ஈக்கி, நான் வகுப்புக்கு வாரது கஷ்டம். ஆனா பேரு போடுறன் மச்சான், பேருக்கு என்ன செலவு" என்றான். மூன்றாவதும் நான்காவதும் பதுளைப் பக்கத்து இரண்டு பெண்கள், ஒருத்தி தும்மினால் மற்றவளும் தும்முவாள். பெண்கள் விடுதிக்கு மிகக் கிட்டிய அறையில், மழையில் மேடேறாமல் வரக்கூடிய இடத்தில், வகுப்பு நடக்கும் என்ற ஒரே காரணத்துக்காக ஒருத்தி கையெழுத்திட்டாள். மற்றவளும் இட்டாள்.

ஐந்தாவது நான். அதற்குக் காரணம் கரப்பான்.

ஆய்வுக்காக அவன் பதினாறு தாள்களைக் கோதுமைப் பசையால் ஒட்டி, சுவரளவு ஆபிரிக்க வரைபடம் ஒன்று செய்திருந்தான். நாடுகளின் பெயரெல்லாம் தமிழில். மனிதர்களைப் பிடித்துக் கப்பலேற்றிய வழிகளுக்குச் சிவப்பு அம்புக்குறிகள். அதை மாட்ட அவன் தேர்ந்தெடுத்த சுவர் என் கட்டிலுக்கு மேலே. பசை மணத்துக்கு விடுதியிலுள்ள அத்தனை கரப்பானும் படையெடுத்தன. முதல் கிழமை கொங்கோவைத் தின்றன. இரண்டாம் கிழமை கரையோரமாக இறங்கித் தெற்கே போயின. இவன் காலையில் எழுந்ததும் பல் துலக்குமுன் புதுத் தாள் வெட்டி, பசை காய்ச்சி, இழந்த நாடுகளை மீட்பான். புதுப் பசைக்குப் புதுக் கரப்பான் வரும். "இவங்களும் வெள்ளக்காரன் மாதிரித்தான்டா, கரையிலருந்துதான் தொடங்குறாங்க" என்று ஒருநாள் வியந்தான். என் தலையணையில் ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"இத உன் பக்கத்துச் சுவருக்கு மாத்து."

"கையெழுத்துப் போடு, மாத்துறேன்."

போட்டேன். ஆபிரிக்கா சுவர் மாறியது. கரப்பான்கள் மாறவில்லை.

வகுப்பு தொடங்கியது. நோட்டீஸ் பலகையில் "ஆபிரிக்க வரலாறு" என்று கண்டபோது ஆபிரிக்கா அதன் முன்னால் நின்று, வாசிக்கத் தெரியாதவன் போல எழுத்து எழுத்தாகப் பார்த்தான். முதல் நாள் குடைச் சேர் வந்து, குடையை மேசையில் கிடத்தி, "தம்பியவை, பிள்ளையவை, உண்மையைச் சொல்லிப்போடுறன். எனக்கும் இது புதுசு. மூண்டு நாளா இருந்து படிச்சனான். பிழை விட்டால் மன்னியுங்கோ" என்றார். நான்கு வருடத்தில் ஒரு விரிவுரையாளர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. மடவளை கூட அன்றைக்கு வந்திருந்தான். வந்ததோடு நிற்காமல் விழித்தும் இருந்தான்.

மூன்றாவது விரிவுரை கென்யா. மலைநாட்டு நிலத்தைப் பிடுங்கியது, ரயில் பாதை போட இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுபோனது, தேயிலை நட்டது, நட்ட தேயிலையைப் பறிக்க ஆள் சேர்த்தது. மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. குடைச் சேர் குரலை உயர்த்தினார், எங்களுக்குத் தெரிந்து முதல் தடவையாக. கூரை, மழை, குரல், வெண்கட்டித் தூள். எங்கள் தோட்டங்களின் கதையை வேறு பெயர்களில் கேட்பது போலிருந்தது. விரிவுரை முடிந்தது. நாங்கள் எல்லோரும் திரும்பி ஆபிரிக்காவைப் பார்த்தோம். அவன் கை உயரவில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லாதவன் முகம் எப்படியிருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு புறப்பட்டான். அம்மாவுக்குக் கென்யாவைக் காட்டப் போகிறானாம்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஆமி பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கியது. அடையாள அட்டையைப் பார்த்தார்கள், பன்விலைத் தோட்ட விலாசம். காகிதத்தை விரித்தார்கள், தமிழ் எழுத்து, சிவப்பு அம்புக்குறி. மற்றவர்கள் பஸ் ஏறினார்கள். அவன் ஏறவில்லை.

இதை அவன் பின்னால் எங்களுக்குச் சொன்ன விதம் வேறு. விடுதிச் சாப்பாட்டறையில் கதிரையில் ஏறி நின்று நடித்தே காட்டினான். "மூணு பேரு மச்சான், மடகஸ்காரச் சுத்தி நின்னுக்கிட்டு, இந்தத் தீவுல யாரு இருக்கான்னு கேக்குறாங்க. நான் சொன்னேன், சேர், அங்க ஒருவகக் கொரங்கு இருக்கு. எத்தன பேருன்னு கேட்டாங்க." சாப்பாட்டறை உருண்டு சிரித்தது. "பெரியவரு வந்தாரு. படத்தத் தலகீழாப் பிடிச்சுப் பாத்தாரு. இது எந்த மாவட்டம்னாரு. சஹாராவக் காட்டி, இங்க ஏன் ஒன்னுமே எழுதலன்னாரு. அங்க ஒன்னும் இல்ல சேர்னேன். ஒன்னும் இல்லாத எடத்த ஏன்டா இவ்வளவு பெருசாக் கீறினேன்னாரு."

சொல்லாமல் விட்டதையும் நான் கண்டேன். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்த பிறகு வகுப்பில் அவன் வழக்கமான வலதுபக்க வாங்கில் உட்காரவில்லை. இடதுபக்கம் மாறி, வலது காதை விரிவுரையாளர் மேசைப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான். இடது பக்கமிருந்து கூப்பிட்டால் கேட்காது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வருடங்களில் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.

அவனை வெளியே எடுத்தவர் குடைச் சேர். பயந்த மனிதர், அடையாள அட்டை, பல்கலைக்கழக அட்டை, குடை எல்லாவற்றோடும் போய் நின்றார். படம் ஆபிரிக்காதான் என்று பல்கலைக்கழகம் எழுத்தில் தந்தால் விடலாம் என்றார்கள். திரும்பி வந்து, துறையின் கடிதத் தாளில், மூன்று மொழியிலும் எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்திக் கொண்டுபோனார். "இத்தால் உறுதிப்படுத்துவது யாதெனில், இணைக்கப்பட்டுள்ள படம் ஆபிரிக்கா என்னும் கண்டத்தினுடையது. இந்நாட்டின் எப்பகுதியையும் அது குறிக்கவில்லை." வரைபடமும் விடுதலையானது. சஹாராவின் நடுவில், பரிசோதிக்கப்பட்டது என்று சிங்களத்தில் ஒரு நீல முத்திரை.

விடுதிக்கு இரண்டு பேர் சிவில் உடுப்பில் வந்தார்கள். அவன் யாரோடு பழகுகிறான் என்று கேட்டார்கள். உப காப்பாளர், பாவம், கையில் கிடைத்த காகிதத்தை நீட்டினார். ஆபிரிக்க வரலாற்றுக்கு விண்ணப்பித்த ஐந்து பேரின் பெயர்ப்பட்டியல். அவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்.

என் அப்பா விஷயம் கேள்விப்பட்டு வேலையிலிருந்து நேரே வந்தார். விடுதி வாசலில், மாமர நிழலில், சட்டைப்பையில் பேனையோடு நின்றார். முப்பது வருடம் அலுவலகத்தில் குனிந்த முதுகு.

"அவன் நல்ல பையன்தான். நான் இல்லேங்கல. ஆனா உன் பேரு ஒரு லிஸ்ட்ல இருக்கு."

"அது பாடத்துக்கான லிஸ்ட் அப்பா."

"எந்த லிஸ்டா இருந்தா என்னப்பா. நம்ம பேரு லிஸ்ட்ல இருக்கக் கூடாது. எண்பத்து மூணு கலவரத்துல நம்ம கடைத்தெருவுக்கு லிஸ்டோடதான் வந்தாங்க." அவர் குரல் உயரவில்லை. "அம்மா சாப்பிடுறதில்ல. வேற நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்."

ஆறாம் வாரத்து வெள்ளிக்கிழமை. மூன்றே முக்காலுக்குக் கந்தோருக்குப் போனேன். கிளார்க் அம்மா ஒரு படிவம் தந்தார். விலகுவதற்கான காரணம் என்ற இடத்தில் பேனை நெடுநேரம் நின்றது. சுகயீனம் என்று எழுதினேன். திரும்பி வரும்போது வழியில் ஆபிரிக்கா எதிர்ப்பட்டான். புதுச் சட்டை. கையில் ஒரு பை நிறைய, சீனி தூவிய கிம்புலா பனிஸ். "நாலு மணிக்குப் பிறகு எல்லாருக்கும் குடுக்கலாம்னு வாங்கினேன். ஒன்னு இப்பவே எடுடா" என்றான். எடுத்தேன். தின்றேன்.

திங்கட்கிழமை பலகையில் ஒரு வரி: மாணவர் தொகை போதாமையால் பாடம் நடைபெறாது. விலகியவரின் பெயர் இல்லை. ஆபிரிக்கா கொப்பியை எடுத்து, திகதி போட்டு, அந்த வரியை எழுதிக்கொண்டான். குடைச் சேர் அவனருகில் வந்து நின்றார். வெயிலும் மழையும் இல்லாத அந்தக் காலையில், குடையை விரித்து அவனையும் உள்ளே சேர்த்துக்கொண்டு நடந்து போனார்.

பழி மடவளையின் தலையில் விழுந்தது. வகுப்பு வெட்டுகிறவன் அவன்தானே. "வல்லாஹி நான் இல்ல மச்சான். மூணு வகுப்புக்கு வந்தீக்கிறன், பின்ன என்னத்துக்கு வெட்டுற? எங்கட உம்மா மேல சத்தியம்" என்று வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் மன்றாடினான். நம்பாமல் சிரித்தார்கள். நான் அவன் தோளைத் தட்டி, "விடுடா மடவளை, போனது போகட்டும்" என்றேன். என் வாழ்நாளில் நான் பேசிய வார்த்தைகளில் எதையாவது திருப்பி எடுக்கலாம் என்றால், அதைத்தான் எடுப்பேன்.

ஆய்வுக் கட்டுரை நூறு பக்கம் வந்தது. கடைசி அத்தியாயம் ஒரே பத்தி: இப்பல்கலைக்கழகத்தில் ஆபிரிக்க வரலாறு ஆறு வாரம் உயிரோடு இருந்தது, நன்றாகப் படிப்பிக்கப்பட்டது. வாய்மொழிப் பரீட்சைக்கு வெளியிலிருந்து வந்த பெரியவர் பின்னிணைப்பைப் புரட்டி, "இது என்ன, ஆமிக்குக் கொடுத்த கடிதம்? இது ஏன் இங்கே?" என்று கேட்டாராம்.

"சேர், இந்தப் பல்கலைக்கழகம் ஆபிரிக்கான்னு ஒன்னு இருக்குன்னு முத்திரை குத்தி ஒத்துக்கிட்ட ஒரே ஆவணம் அதுதான்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினாராம். குடைச் சேர் யன்னலைப் பார்த்தாராம். வகுப்புச் சித்தி சுமாராகத்தான் வந்தது. அடுத்த வருடக் கைநூலில் அந்த வரி இல்லை.

இப்போது பன்விலைக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறான் என்று கேள்வி. அங்கே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நைல் நதியைக் கண்ணை மூடிக்கொண்டு கீறுவார்களாம். கல்விக் கந்தோரிலிருந்து வந்த ஒருவர், இது பாடத்திட்டத்தில் இல்லையே என்றதற்கு, "அதான் சேர் சொல்லிக் குடுக்குறேன்" என்றானாம். கண்டியிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நான் போனதில்லை. ஒவ்வொரு முறையும் மழை, அல்லது வேலை, அல்லது பஸ் நிறைந்திருந்தது.

கடைசியாக அவனைப் பார்த்தது விடுதியைக் காலி செய்த அன்றைக்கு. மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் பஸ் நின்றது. ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய். பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தேன். அவன் யன்னலோரம் உட்கார்ந்தான். நான் அவனுடைய வலது காதுப் பக்கமாகப் போய் நின்றேன். என்ஜின் ஓடத் தொடங்கியது. கொண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தார். இனி நேரமில்லை என்று ஆனபோதுதான் எனக்கு வாய் திறந்தது.

"அன்னைக்குப் பேர வெட்டினது மடவளை இல்லடா. நான்."

"தெரியும். அந்தத் திங்கக்கெழமையே தெரியும்."

"பிறகு ஏன்டா ஒரு வார்த்த கேக்கல?"

பஸ் நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன். அவன் யன்னலால் கையை நீட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு, பாடத்தில் மிக இலகுவான ஒன்றைக் குப்பி சொல்லிக்கொடுக்கும் குரலில் சொன்னான்:

"கேட்டிருந்தா நீ ரூம மாத்திக்கிட்டுப் போயிருப்பியேடா."